குடும்ப மரமும் அப்பத்தாவின் கைநாட்டும்

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களில் கொட்டாம்பட்டி கடைவீதியில் ஒரு சார்ட் விற்பனைக்கு வந்துவிடும். பச்சை மரம், மரத்தில் சிவப்பு ஆப்பிள்கள், ஒவ்வொரு ஆப்பிளுக்குள்ளும் போட்டோ ஒட்ட ஒரு வட்டம். அடியில் ‘நான்’. அதற்கு மேல் அப்பா, அம்மா. அதற்கும் மேல் இரண்டு ஜோடி தாத்தா, பாட்டி. ஆக மொத்தம் ஏழு வட்டம். ‘ஃபேமிலி ட்ரீ செய்து எடுத்து வரவும்’ என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். பெற்றோர் சார்ட்டும் ஃபெவிகாலும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து பெரும்பாலும் தாங்களே ஒட்டியும் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஒரு ஸ்டார், வகுப்பறைச் சுவருக்கு ஓர் அலங்காரம்.

வன்கொடுமை வழக்குகள், பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு என்று பேசவேண்டிய இடத்தில் சின்னப் பிள்ளைகளின் கைவேலையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று தோழர்களுக்குத் தோன்றலாம். அந்த ஏழு வட்டத்துக்குள் நம் அரசியல் முழுவதும் இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் சமூகப் பணியில் இருப்பவள். கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சில காலனிகளில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, ஓர் இடத்துக்குப் பதினைந்து இருபது பேர் வருவார்கள். கதை சொல்வோம், காகிதம் வெட்டுவோம், வாய்ப்பாடு படிப்போம். ஒரு சனிக்கிழமை நான்கு பிள்ளைகள் சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். “அக்கா, இதை முடிச்சுக் குடுங்க.” முடிக்க முடியாததற்கு நான்கு பேருக்கும் நான்கு காரணங்கள்.

ஒருத்தியின் அப்பத்தாவுக்குப் போட்டோ இல்லை. வாக்காளர் அட்டையில் இருக்கும் கறுப்பு முகம்தான் அவருடைய ஒரே படம். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் முகமே தெரியவில்லை. இன்னொருவனின் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். அவனை வளர்ப்பது அம்மாச்சி. அதனால் ‘நான்’ வட்டத்துக்கு நேர் மேலே அம்மாச்சியை ஒட்டிவிட்டான். அது தப்பு என்று பள்ளியில் பிய்த்துவிட்டார்கள். மூன்றாவது பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர் தெரியவில்லை. வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நான்காவது சிறுமியின் சார்ட்டில் அம்மா பக்கம் இரண்டு வட்டமும் காலி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சார்ட்டைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

முதல் இரண்டுக்கும் வழி எளிது. போட்டோ இல்லாவிட்டால் வரைந்துகொள்ளலாம், வளர்ப்பவரை மரத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்றாவதும் நான்காவதும்தான் நம்மை வேறு இடத்துக்கு இழுத்துச் செல்கின்றன.

பெயர் தெரியாத தாத்தாவை எடுத்துக்கொள்வோம். விசாரித்தபோது கிடைத்தது இது. வீட்டில் அவரை ‘பெருசு’ என்றார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், முதியோர் உதவித்தொகைத் தாளில் அதே பெயர் வேறு எழுத்தில். அவர் வேலை பார்த்த வயல்காரர் வீட்டில் பத்து வயதுப் பிள்ளைகூட அவரைக் கூப்பிட்டது இன்னொரு பெயரில், ‘டேய்’ சேர்த்து. நல்ல பெயர் வைத்துக்கொள்வதே குற்றமாக இருந்த காலம் நம் ஊர்களில் ரொம்பத் தொலைவில் இல்லை. ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வைத்த பெயரைச் சேரிப் பிள்ளைக்கு வைத்தால் கூப்பிட்டு மிரட்டிய கதையைப் பல கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அது முக்கியமான தீர்மானம்தான். ஆனால் விடுவதற்குப் பட்டம் இருந்தவர்களுக்கான தீர்மானம் அது. நம் தாத்தாக்களுக்குப் பெயரையே யாரும் முழுசாகச் சொல்லவில்லை.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் மூதாதையரைத் தேடிப் போனால் 1870ஆம் ஆண்டில் போய் முட்டி நிற்பார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகு எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அது. முன்னாள் அடிமைகளும் அதில்தான் எல்லோரையும் போலப் பெயரோடு பதிவானார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்று மட்டும் இருக்கும். அடிமையின் பெயர் அநேகமாக எங்கும் இருக்காது. அலெக்ஸ் ஹேலி 1976இல் எழுதிய நூலைத் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று பலர் படித்திருப்பீர்கள். ஏழு தலைமுறையைப் பெயர் சொல்லி எண்ணுவது அந்த மக்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பது அந்தப் பட்டியலைப் பற்றித் தெரிந்தால்தான் புரியும்.

நமக்கு இதில் நினைவு மட்டுமல்ல, நிலமும் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. ஆனாலும் எவ்வளவோ நிலம் கைமாறிக் கிடக்கிறது. மீட்கப் போனால் முதலில் வரும் கேள்வி, யாருக்கு ஒதுக்கியது, நீ அவருக்கு என்ன உறவு என்பதுதான். பழைய பதிவேட்டில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த இன்னார் தன் பூட்டன் என்று சொல்லத் தெரியாதவரின் மனு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எட்டு வயதுப் பிள்ளை தன் பூட்டன் பெயரை எழுதிப் பழகுவது வெறும் கைவேலை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி நான்காவது சிறுமியின் காலி வட்டங்களுக்கு வருவோம். அதற்கு முன்னால் குடும்ப மரம் என்ற கருவியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சமூகவியல் படித்தவர்களுக்கு உறவுமுறை வரைபடம் பழக்கமானது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. இப்படி வம்சாவளியைத் திரட்டி ஒரு சமூகத்தைப் படிக்கும் முறையை வளர்த்தவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். 1898இல் டோரஸ் நீரிணைத் தீவுகளில் தொடங்கியவர், அடுத்து வந்தது நம் நீலகிரிக்கு. தோடர்களின் வம்சாவளிகளைத் திரட்டி 1906இல் நூலாக்கினார். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே லூயி துய்மோன் களப்பணி செய்தது 1949-50இல். யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள், யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்ற கணக்குதான் இந்த ஆய்வுகளின் மையம்.

அந்தக் கணக்குக்கு அரசியல் பொருள் சொன்னவர் அம்பேத்கர். 1916 மே மாதம், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில், இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். சாதிக்கே உரிய ஒரே அடையாளம் அகமணம் என்பது அதன் வாதம். தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு வெளியே போகும் வழியை அடைப்பதால்தான் ஒரு கூட்டம் சாதியாகிறது. இதைக் குடும்ப மரத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஊரில் வம்சப் பெருமை பேசும் எந்த மரமும் தானாக அப்படி வளரவில்லை. வேலிக்கு வெளியே நீண்ட கிளைகளையெல்லாம் வெட்டி வெட்டி அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சில சமயம் அரிவாளாலேயே வெட்டியிருக்கிறார்கள். 2015இல் கோகுல்ராஜ், 2016இல் உடுமலை பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில் சங்கர். கோகுல்ராஜ் வழக்கில் 2022இல் தீர்ப்புச் சொன்னது மதுரை சிறப்பு நீதிமன்றம்தான். அந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்ததும் ஒரு குடும்ப மரம்தான். மனதுக்குள் சுமந்த மரம்.

அப்படியானால் சாதியின் கருவியை நம் பிள்ளைகள் கையில் நாமே கொடுக்கலாமா? ஒரு தோழர் என்னிடம் நேராகவே கேட்டார். “வம்சம், பரம்பரைன்னு நாமளும் ஆரம்பிச்சா அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?” நியாயமான கேள்வி. பள்ளியில் எப்படியும் கேட்கத்தான் போகிறார்கள் என்பது என் பதிலில் பாதி. மீதி பாதி, பெயரை இழந்தவர்கள் பெயரைத் தேடுவதும் பெயரை வைத்து அதிகாரம் செய்தவர்கள் வம்சம் பாடுவதும் ஒன்றல்ல. ஆனால் தேடும்போது மரத்தின் வடிவத்தை நாம் மாற்றியே ஆகவேண்டும். அதே ஏழு வட்டத்தை நிரப்பினால் அந்தத் தோழர் சொன்னதுதான் நடக்கும்.

மாற்றுவதற்குப் பிள்ளைகளே வழி காட்டினார்கள். சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்தோம். என்ன மரம் வரையலாம் என்று கேட்டதற்குப் பனை என்றான் ஒருவன். “பனைக்குக் கிளை ஏதுடா?” என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஆலமரம் என்று முடிவானது. அதில் ஒரு வசதி இருந்தது. ஒரு சிறுமி, “எங்க அப்பாவோட அம்மாச்சியும் எங்க அம்மாவோட அப்பத்தாவும் ஒரே ஆளுதான் அக்கா, எங்க ஒட்டுறது?” என்றாள். அத்தை மகன், மாமன் மகள் முறைக்குள் கல்யாணம் நடக்கும் நம் ஊரில் கோடுகள் பிரிந்துகொண்டே போகாது. பிரிந்தது மறுபடி வந்து சேரும். ஆப்பிள் மரத்தில் அதற்கு இடமில்லை. ஆலமரத்தில் கிளையிலிருந்து விழுது இறங்கி மண்ணைத் தொடுகிறது. அந்தப் பூட்டியை ஒரு விழுதாக இறக்கி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக்கினோம். காது குத்த மடி கொடுத்த தாய்மாமனுக்கும் இடம் கிடைத்தது. கடையில் வாங்கிய சார்ட்டில் அவருக்கு வட்டமே கிடையாது.

போட்டோவுக்குப் பதில் கைநாட்டு வைக்கலாம் என்று ஒரு பையன் சொன்னான். மை டப்பாவும் பச்சைக் காகிதமும் கொடுத்தனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை பெருவிரல் ரேகைகள் இலையிலையாக வந்தன. ஓர் அப்பத்தா பேரனோடு தானே வந்துவிட்டார். “இந்த விரலை வெத்துப் பத்திரத்துல அமுக்கச் சொல்லி வாங்கியிருக்காக. கடனுக்கு, காட்டுக்குன்னு. பேரன் படிப்புக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல.” எதில் வைக்கிறோம் என்று தெரிந்தே அவர் வைத்த கைநாட்டு அது. இலைக்குக் கீழே பேரன் அவர் பெயரை எழுதினான். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, “பேருக்குப் பின்னாடி ‘அவர்கள்’னு போடலாமா அக்கா? பத்திரிகையில எல்லாம் போட்டிருக்கே” என்றான். போடச் சொன்னேன். அன்று எல்லாப் பெயருக்குப் பின்னாலும் ‘அவர்கள்’ வந்தது. செத்துப்போன ஒரு தாத்தா, பெயர் தெரியாமல் வெறும் ‘பெருசு’வாகவே இருந்தவர், கடைசியில் ஒரு பழைய மொய் நோட்டில் கிடைத்தார். நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணம். ஊர் பெயர், அவர் பெயர், பக்கத்தில் ஐந்து ரூபாய்.

இந்த மொய் நோட்டைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அரசு ஆவணத்தில் இல்லாத நம் உறவுகள் மொய் நோட்டிலும், கல்யாணப் பத்திரிகையிலும், காதணி விழா அழைப்பிலும், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸிலும் இருக்கிறார்கள். நம்முடைய ஆவணக் காப்பகம் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது. கரையான் அரிப்பதற்குள் எடுக்க வேண்டும்.

அம்மா பக்கம் காலியாக இருந்த சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய அம்மா வேறு சாதி. கல்யாணத்தோடு பிறந்த வீட்டில் உறவு அறுந்துபோனது. நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் அம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். “அந்தப் பக்கத்தை வரையாமலே விட்டுடலாம், இல்லேன்னா கிளையை மட்டும் வரையலாம். நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி” என்றேன். ரெண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். “எழுது” என்று தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் ஒன்பது வருடமாகச் சொன்னதில்லையாம். மகள் எழுதிவிட்டு, “அவங்களுக்கு என்னைத் தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியாது. நீ தெரிஞ்சு வச்சுக்க” என்றார் அம்மா. கைநாட்டு இல்லாத இலை அது ஒன்றுதான். அந்த மரத்தைச் சுவரில் மாட்டவில்லை. சுருட்டி வீட்டுக்கே கொடுத்துவிட்டோம். பெயர் வெளியே தெரிவதால் ஆபத்து வரக்கூடிய வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன என்பதை நாம் மறக்கக் கூடாது.

அகமணம்தான் சாதி என்றால், அந்தச் சிறுமியின் மரம்தான் எங்கள் வகுப்பிலேயே சாதிக்கு வெளியே கால் வைத்த மரம். ஆப்பிள் சார்ட்டில் அது இரண்டு வட்டம் குறைவாகத் தெரிந்தது.

ரத்த உறவோடு மரம் முடிந்துவிட வேண்டுமா என்ற கேள்வியும் பிள்ளைகளிடமிருந்துதான் வந்தது. மேலவளவு இதே மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. ஊராட்சித் தலைவர் பதவி தனித்தொகுதியாகி, முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பிய பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒவ்வொரு ஜூன் 30க்கும் அங்கே வண்டி கட்டிப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். ஒரு பையன் கேட்டான்: “வருஷா வருஷம் போறோமே, முருகேசன் தாத்தா நமக்குச் சொந்தமா?”

அவனுக்குச் சொன்ன பதில் அயோத்திதாசரின் கதை. 1845இல் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருடைய ஆசிரியரின் பெயர். பாடம் சொல்லிக்கொடுத்தவரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். அதனால் ரத்த உறவை அவர் விட்டுவிடவும் இல்லை. தன் பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்தவர், குடும்பத்தில் பாதுகாத்த திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீசுக்குக் கிடைக்கச் செய்தார் என்று பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார். பாட்டன் ஒரு வேர், ஆசிரியர் இன்னொரு வேர். இதே வட்டத்தின் தும்பைப்பட்டியில் பிறந்து, 1939இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவரான கக்கனையும் சொன்னேன். பிள்ளைகள் ஆலமரத்தைச் சுற்றி அறுகம்புல் வரைந்தார்கள். கல்யாண வீட்டில் ஆலையும் அறுகையும் சேர்த்துத்தானே வாழ்த்துகிறோம். ரத்த உறவெல்லாம் ஆலில். நமக்காக நின்றவர்கள் அறுகில். முருகேசன் பெயர், கக்கன் பெயர், காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பக்கத்து வீட்டு அக்கா, நோட்டு வாங்கிக்கொடுத்த ஒரு டீச்சர். அந்த டீச்சர் என்ன சாதி என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

இதை உங்கள் பகுதியில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

முதலில் வட்டத்தை எண்ணி வரையாதீர்கள். ஆட்கள் எத்தனையோ அத்தனை இலை.

பெண்களின் பெயரிலிருந்து தொடங்குங்கள். அப்பா வழியில் தொடங்கினால் மேலே போகப் போகப் பெண்கள் ‘இன்னார் மனைவி’ ஆகி மறைந்துவிடுகிறார்கள்.

வேலையையும் எழுதச் சொல்லுங்கள். நாற்று நட்டவர், கல் உடைத்தவர், பறை அடித்தவர், பிள்ளைப்பேறு பார்த்தவர். எதைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள், எதைத் தானே விரும்பிக் கற்றார் என்பதைப் பிள்ளைகள் பிரித்துக் கேட்கட்டும்.

சாதிப் பெயரை எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். இறப்பு, பிரிவு, மறுமணம், சிறை எதுவாக இருந்தாலும் பிள்ளை சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

வீட்டில் அனுமதி வாங்காமல் சுவரில் மாட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் படம் போடாதீர்கள்.

மேல் ஓரத்தில் காலி இடம் விட்டு வையுங்கள். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு யாரோடு வாழ்வார்கள் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

கடைசியாக, கல்லூரி விடுதிகளில் இருந்து இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அம்பேத்கர் பிறந்த நாள் நமக்குத் தெரியும், அவர் அம்மா பீமாபாய் என்பதும் தெரியும். உங்கள் அம்மாச்சியின் அம்மா பெயர் தெரியுமா? அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் வயலில் நின்றார், அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? இந்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சொல்லத் தெரிந்த கிழவிகள் இன்னும் சில பேர் திண்ணையில் இருக்கிறார்கள். கேட்டு எழுதுங்கள். எழுதும்போது பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ போட மறக்காதீர்கள்.